மஸ்கட்டுக்கு எதிர்காற்று

லைட்ஹவுஸ் குப்பத்துத் தாமோதரன் எந்தத் தூரத்தையும் எஞ்சின் ஓடும் நேரத்தில்தான் அளப்பார். வலை விடும் இடம் அவருக்கு இரண்டரை மணி. பொன்னேரி, பஸ் கிடைத்தால், ஒரு மணி. மகள் குணசுந்தரிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை வந்தபோதும் அதையேதான் கேட்டார்.

“எம்மா நேரம்?”

வலை விடும் இடத்துக்குப் போகிற நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம் என்றால் போகட்டும். அதைத் தாண்டினால் வேண்டாம். அதுதான் அவர் பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் போட வேண்டும்.

பழவேற்காடு கடைத்தெருவில் டிக்கெட் போடும் அமீர் ஜானிடம் விமான நேரத்தை அச்செடுத்து வந்து கொடுத்தாள் குணசுந்தரி. தாமோதரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சென்னையில் ஒன்பதரைக்குக் கிளம்புகிறது. மஸ்கட்டில் பதினொன்றே முக்காலுக்கு இறங்குகிறது.

“ரெண்டே கால். போய் வா.”

சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார். அங்கே பன்னிரண்டரைக்குக் கிளம்பி இங்கே ஐந்தே காலுக்கு வருகிறது. புருவம் சுருங்கியது.

“காத்துதான்,” என்றார் கடைசியில். “இப்ப கிழக்கால இருந்து கொண்டல் அடிக்குது. போறப்ப பின்னால தள்ளும். வர்றப்ப எதிர்ல நிக்கும். எம்மாம் பெரிய ப்ளேனா இருந்தா இன்னா, காத்துக்கு அடங்கித்தான ஆவணும்.”

“அப்ப ஆனி மாசம் வரச் சொல்லு,” என்றாள் அவர் மனைவி செவ்வந்தி, மீன் செதிலைச் சுரண்டியபடி. “மேலக்காத்துல பைலட்டு பாய் விரிச்சினு வந்துடுவான்.”

மஸ்கட் கடிகாரம் ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது என்று குணசுந்தரிக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். கிடைத்த சம்மதம் போய்விடுமே என்று மூடிக்கொண்டாள்.

மறுநாள் தாமோதரன் ஐஸ் வாங்கப் போனவர், அமீர் ஜான் கடையில் ஏறிக் காற்றின் கதையை விளக்கியிருக்கிறார். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும்போதே முகம் சரியில்லை.

“பாய் சிரிச்ச சிரிப்புல டீ கொட்டிப் போச்சு. அங்க கடியாரமே ஒன்றரை மணி லேட்டாமே. தெரியுமா உனுக்கு?”

“தெரியும் நைனா.”

“அப்ப மெய்யா எம்மா நேரம்?”

“மூணே முக்கால்.”

ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். விரல்களை மடக்கினார். வெகுநேரம் மடக்கினார்.

“வலைக்குப் போவ ரெண்டரை. வர ரெண்டரை. மொத்தம் அஞ்சு. மூணே முக்கால் அதுக்குள்ளதான கீது.”

மீன் அரிந்துகொண்டிருந்த செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். “நேத்து போறது மட்டுந்தான் கணக்குல இருந்துச்சு. ராத்திரியோட வர்றதும் சேந்துச்சா?”

“போனது திரும்பி வர வேணாமா? அதையும் சேத்துத்தான் கணக்கு.”

செவ்வந்தி மறுபடி குனிந்தாள். மீனைப் புரட்டிப் போட்டாள்.

“நான் கரையேறி ஏழு மணிக்கு போன் போட்டா அங்க அஞ்சரை,” என்றார் மகளிடம். “தூங்கினு இருப்ப.”

“இங்க மட்டும் ஏழு மணிக்கு எந்திரிச்சிருக்காளா?” என்றாள் செவ்வந்தி. “பொறந்ததுலருந்தே அவ மஸ்கட் நேரம்தான்.”

குணசுந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.

தாமோதரன் விரல்களை மறுபடி மடக்கினார்.

“எட்டரைக்குப் போடறேன்.”