பாதித் தலையாட்டலில் நின்ற அப்பா

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவை பேக்கப் எடுத்து வைப்போம். குளித்துவிட்டு வந்து திரைக்கு முன்னால் உட்காருவார். பச்சைக் கோடு ஓடி முடிந்ததும் எழுந்து கறி வாங்கப் போவார்.

அம்மாவுக்கு பேக்கப் தேவையில்லை. அவள் நிற்பதே கிடையாது. அப்பாதான் அடிக்கடி ஹேங் ஆவார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு விஷயம் கேட்டால் போதும், அப்படியே நின்றுவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அவர்மேல் ஏற்றுவோம். காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுவார். நடுவில் நடந்தது எல்லாம் போய்விடும். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஒருமுறை அவசரத்தில் நான் ரொம்பப் பழைய அப்பாவை ஏற்றிவிட்டேன். எப்போதோ விற்றுவிட்ட ஸ்கூட்டரை அன்றைக்கு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேனாம், அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள். மூடியைக் கழற்றி, சைக்கிள் பம்பால் தூசியை ஊதுவேன். அந்நேரம் அப்பா எங்கே இருந்தாலும் தும்முவார்.

மேலே படிக்க எனக்கு இஷ்டமில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஜேசிபி ஓட்ட வேண்டும். தெருக்கோடியில் ஆரோக்கியம் அண்ணன் இரண்டு ஜேசிபி வைத்திருக்கிறார். கற்றுத் தருகிறேன் என்றார். ஆனால் ஒன்று சொன்னார்.

"உங்கப்பா என் கண்ணு முன்னாடி சரின்னு தலையாட்டணும். அப்பதான் சாவி. பின்னாடி வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது, பாத்துக்க."

அப்பா தலையாட்டவில்லை. "பி.காம். சேரு கோபிகா. மண்ணள்ளுற வேலை உனக்கு எதுக்கு?" என்பார். ஞாயிறு வந்தால் அந்த 'எதுக்கு' பத்திரமாக பேக்கப் ஆகிவிடும்.

ஆயுத பூஜை அன்றைக்கு ஆரோக்கியம் அண்ணனின் டிரைவர்கள் ஜேசிபிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். வண்டி பக்கெட்டைத் தூக்கி இறக்கிக் காட்டியது. அப்பா வாயை லேசாகத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து பொரி தின்றுகொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அப்பா, அத ஓட்டக் கத்துக்கவா?"

என்னைப் பார்த்தார். தலை மெல்லக் கீழே இறங்கியது. சத்தியமாக அது சம்மதம்தான். அந்த நேரம் பார்த்து அம்மா அடுக்களையிலிருந்து கத்தினாள். "என்னங்க, உங்க அக்கா வர்றாங்களா இல்லையா? சுண்டல் பத்தாது."

அப்பா நின்றுவிட்டார். தலை பாதி இறங்கியபடி, கையில் பொரியோடு.

"கெடுத்துட்டியேம்மா!"

"நான் என்னத்தடி கெடுத்தேன்? சுண்டலுக்குக் கணக்குக் கேட்டேன். போன வாரத்து ஆளை ஏத்திக்கலாம், விடு."

போன வாரத்து ஆள் எனக்கு எதற்கு? இவரை இப்படியே பேக்கப் எடுத்துவிடலாம் என்று ஓடினேன். கம்ப்யூட்டர் பூஜையில் இருந்தது. திரையில் சந்தனம், குங்குமம், மேலே சாமந்திப்பூ.

"தொடாத. பூஜையில வச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றாள் அம்மா. நகராமல் இருந்ததால் அப்பாவையும் அதோடு சேர்த்துக்கொண்டாள். நெற்றியில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, காதில் ஒரு பூவைச் செருகினாள்.

மறுநாள் நான் எழுவதற்குள் அவளே ரீஸ்டோர் கொடுத்துவிட்டாள். சிலிண்டர் மாற்ற ஆள் வேண்டுமாம். கம்ப்யூட்டர் நின்றிருந்தவரின் முகத்தைப் பார்த்திருக்கிறது. சந்தனமும் பூவுமாக இருந்ததால் வேறு யாரோ என்று எடுத்துக்கொண்டு, அவர்மேல் ஏற்றாமல் பக்கத்தில் ஏற்றிவிட்டது.

நான் போனபோது போன வாரத்து அப்பா சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். நின்றவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"இது யாரு?"

"நீங்கதாங்க. நேத்து நின்னுட்டீங்க" என்றாள் அம்மா.

"தொப்பை கொறஞ்சிருக்கே" என்றார். பிறகு, "எதுக்குத் தலையாட்டுறேன்?" என்று கேட்டார்.

"நான் ஜேசிபி ஓட்டறதுக்கு" என்றேன்.

"நான் ஆட்ட மாட்டேனே."

"ஆட்டிட்டீங்க."

சண்டை போட எனக்கு நேரமில்லை. நின்ற அப்பாவை இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஆரோக்கியம் அண்ணன் அவரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பாதிதான ஆட்டியிருக்காரு?"

"மீதி உள்ள இருக்குண்ணே."

யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "சார் இங்கயே இருக்கட்டும். யாராவது கேட்டா காட்டணும்."

நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். போன வாரத்து அப்பா வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் சாயங்காலமானால் குடையை எடுத்துக்கொண்டு வருவார். நின்றவருக்குக் குடை பிடித்தபடி அவரிடம் மட்டும் விசாரிப்பார்.

"பள்ளத்தை நேரா வெட்டுறாளா?"

பாதித் தலையாட்டல்.

"கேபிள் கீபிள அறுத்துடலையே?"

அதற்கும் அதே.

"இந்த ஆளு எதைக் கேட்டாலும் ஆமாங்கிறான்" என்று சலித்துக்கொள்வார். அப்படியும் மறுநாள் வருவார்.

ஒருநாள் முழுப் பள்ளத்தையும் நானே வெட்டி முடித்தேன். கடைசி மண்ணை அள்ளி, அவர் செருப்பில் ஒரு துளிகூடச் சிந்தாமல் பக்கத்திலேயே இறக்கினேன். குடையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிப்பா?" என்றேன்.

தலை மெல்லக் கீழே இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஆரோக்கியம் அண்ணன், "சார், டீயா காபியா?" என்றார்.

நின்றுவிட்ட இரண்டு அப்பாக்களையும் பக்கெட்டில் அருகருகே உட்காரவைத்து, நடுவில் குடையைச் செருகி, வண்டியைக் கிளப்பினேன். வேகத்தடைகளில் இரண்டு தலையும் சேர்ந்தே ஆடின. வீட்டு வாசலில் மெதுவாக இறக்கினேன்.

அம்மா வந்து பார்த்தாள். "போன வாரத்து ஆளை இவர்மேல ஏத்திடாதம்மா" என்றேன்.

"ஏத்தல. ரெண்டும் இப்படி ஓரமா இருக்கட்டும். மோட்டார் வேற ஓடல, ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுக்க உள்ளே போனாள்.