மனிதன் என்று எழுதிய குப்பி

லோர்னா வெசலிக்கு விரல் மூட்டுகள் குடைந்தன. காலை ஏழு மணியிலிருந்து நாலு டிகிரி குளிர் அறையில் நின்று, கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் விஸ்கான்சின் பனியில் அறுபது மாடுகளுக்குக் கறவை இயந்திரம் மாட்டிய கைகள். அப்போது பிடித்த வலி. அங்கே மாட்டின் மடியாவது சூடாக இருந்தது.

வடிந்தது ஒரு புரதம். விந்தணுவின் தலையில் இருந்துகொண்டு முட்டையைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வது அதன் வேலை. சில ஆண்களுக்குப் பிள்ளை ஏன் பிறப்பதில்லை என்று ஆராய்கிறவர்கள் வாங்குவார்கள். அவள் வேலை செய்யும் கம்பெனியின் விளம்பரத்தில் ஒரு ஜோடி குழந்தையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும். குப்பியிலோ 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எறும்பு எழுத்தில் இருக்கும். உள்ளே ஒரு துளி. வெளியே அவ்வளவு பெரிய சிரிப்பு.

முன்பெல்லாம் இதை மனித செல்களில் செய்தார்கள். மூன்று வாரம் பிடிக்கும். போன வருடம் பிரென்ட் ஹாகன் மேலாளராக வந்தான். மனித மரபணுவை பாக்டீரியாவில் செருகி மூன்றே நாளில் செய்யச் சொன்னான். பாக்டீரியாவும் செய்தது, ஆனால் மடிக்கத் தெரியாமல், கசக்கி எறிந்த சட்டை மாதிரி செய்தது. அதைக் கரைத்து, நீவி, நேராக்குவது லோர்னாவின் பாடு. நேரானதா என்று அவளாகவே சோதித்தும் பார்த்தாள். முட்டையின் மேலிருக்கும் ஜோடிப் புரதத்தைத் தட்டில் பூசி, இதை அதன்மேல் விட்டாள். ஒட்டவில்லை; கழுவியதும் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

பிரென்ட்டிடம் சொன்னாள்.

"சுத்தம் எவ்வளவு?" என்றான்.

"தொண்ணூத்தஞ்சு சதவீதம்."

"அப்புறம் என்ன? சான்றிதழ்ல சுத்தம்னுதான போட்டிருக்கோம். ஒட்டும்னு எங்க போட்டோம்?"

"பொணத்தக் குளிப்பாட்டினாலும் சுத்தமாத்தான் இருக்கும், பிரென்ட்."

சிரித்தான். நல்ல நகைச்சுவை என்று தோளில் தட்டினான். சரக்கு கிளம்பிப் போயிற்று. அவளும் வாயை மூடிக்கொண்டு குளிர் அறைக்குத் திரும்பினாள்.

இன்று மதியம் பிரென்ட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். "ஒரு பொம்பள நெப்ராஸ்காலேர்ந்து கத்துது. நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்க. கேட்டா சுத்தத்த மட்டும் சொல்லுங்க." பொரித்த சீஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போன் ஸ்பீக்கரைத் தட்டினான்.

அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாரிசோல் இபாரா கத்தவில்லை. களைத்திருந்தாள்.

"எட்டு மாசமா உங்க புரதத்தோட முட்டி மோதிட்டு இருக்கேன். ஜோடியோட ஒட்டவே மாட்டேங்குது. எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. உன் கைதான் சரியில்லன்னு ப்ரொஃபசர் சொல்லிட்டார். ஜூனோட என் வேலை முடியுது, நீட்டிக்க மாட்டாராம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இது மனித செல்லுல செஞ்சதுதான? 'மனித'ன்னு லேபிள்ல இருக்கே?"

பிரென்ட் விரலை நக்கிக்கொண்டான். "நூத்துக்கு நூறு மனிதப் புரதம், மேடம்."

பொய் என்று சொல்ல முடியாது. மரபணு மனிதனுடையதுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் ஒரு வருடமாக ஒளிந்துகொண்டிருந்தான்.

"எங்கப்பா காளை விந்து வித்தவரு," என்றாள் லோர்னா. "குச்சிக் குழாய்ல காளையோட பேரு இருக்கும். அது எத்தன மாட்ட சினையாக்குச்சுன்னு கணக்கும் கூடவே குடுப்பாரு. நீ என்னடான்னா காயடிச்ச எருதுக்குக் காளைன்னு பேரு ஒட்டி விக்கிற."

"லோர்னா!"

"சும்மா இரு. இந்தாம்மா, இது பாக்டீரியாவுல செஞ்சது. மடிப்பு சரியில்ல. நானே சோதிச்சேன், எனக்கும் ஒட்டல. உன் கைல ஒரு குத்தமும் இல்ல."

மாரிசோல் உடனே கேட்டாள்.

"எப்ப சோதிச்சீங்க?"

"போன செப்டம்பர்ல."

"நான் வாங்கினது அக்டோபர்ல."

பிரென்ட் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான். "ஒரு குப்பி இலவசமா அனுப்பிடறோம், மேடம். கம்பெனி பேரு போட்ட காபிக் கப் ஒண்ணும்."

மாரிசோல் போனை வைத்துவிட்டாள்.

"ஒரு வாடிக்கையாளர் போச்சு," என்றான் பிரென்ட். "சந்தோஷமா?"

லோர்னா எழுந்து குளிர் அறைக்குப் போனாள். உறைபெட்டியின் அடித்தட்டில் மனித செல்லில் செய்த பழைய குப்பி இரண்டு கிடந்தன. பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்தாள்; விரல்கள் மடங்க மறுத்தன. இரண்டையும் மாரிசோலுக்குப் போகும் பெட்டியில் உலர்பனிக்குள் புதைத்தாள். செப்டம்பர் சோதனைத் தாளை நகலெடுத்து, ப்ரொஃபசர் கண்ணில் படுகிற மாதிரி தேதிக்கு அடியில் கோடு போட்டு, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே வைத்தாள். காபிக் கப்பை வைக்கவில்லை.

பெட்டி நாளை போய்ச் சேரும். அந்தத் தாளைப் பார்த்து ப்ரொஃபசர் மனம் மாறினாலும் மாறலாம், மாறாமலும் போகலாம். மாரிசோல் இபாராவுக்கு லோர்னா வெசலி தர வேண்டியது எட்டு மாதம். அது அப்படியே பாக்கி.