பேராலயம் போய்ச் சேர்வதற்குள்

எங்கள் ஓர்திஜியா தீவில் அப்பல்லோ கோயில் இடிபாட்டிலிருந்து பேராலயத்துக்கு நடந்து போக ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் போதும். அந்த நேரத்துக்குள் கலோஜெரோவுக்கும் அகத்தீனாவுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கு மட்டும் விஷயம் தெரியாது.

கலோஜெரோ பஸ் ஓட்டுபவர். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவர். வாயைத் திறந்தால் டீசல் செலவாகும் என்பது போலத்தான் பேசுவார். அகத்தீனா பொத்தானும் நூலும் விற்கும் கடை வைத்திருந்தாள். புருஷன் தவறிப்போய்ச் சில வருஷமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில், மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். படிக்கட்டில் பார்த்தால் "காத்து அதிகமா இருக்கு" என்று அவர் சொல்வார். "ஆமா, அதிகம்தான்" என்று அவள் சொல்வாள். அதோடு சரி.

அகத்தீனா என் மனைவி மெலீனாவுக்குச் சித்தி மகள். அவளுக்கு மறுபடி ஒரு துணை பார்த்தே தீருவேன் என்று மெலீனா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். கத்தானியாவிலிருந்து ஃபிக்கேரா என்று ஒரு பத்திரப்பதிவு வக்கீலைப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேராலயச் சதுக்கத்துக் காபிக்கடையில் பெண் பார்க்கும் ஏற்பாடு. மாப்பிள்ளைக்குப் பேச்சுத்துணையாக என்னை உட்கார வைத்திருந்தாள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் கலோஜெரோவின் அம்மாவுக்கு நினைவுப் பூசை. கறுப்புக் கோட்டு போட்டு, கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு அவர் பேராலயத்துக்குக் கிளம்பியிருந்தார்.

அப்பல்லோ கோயில் தாண்டியதும் தெருக்கல் இடுக்கில், காபிக்கடைக்கு வந்துகொண்டிருந்த அகத்தீனாவின் குதிகால் செருப்பு மாட்டிக்கொண்டது. புதுச் செருப்பு. இழுத்தாள், வரவில்லை. பின்னால் வந்த கலோஜெரோ பார்த்துவிட்டு நின்றார்.

"மாட்டிக்கிச்சா?"

"பார்த்தா தெரியலையா? இங்கே நின்னு தவமா பண்றேன்?"

"இதைக் கொஞ்சம் பிடிங்க." பூங்கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து செருப்பைப் பிடித்து ஆட்டினார்.

சரியாக அந்த நேரம் பார்த்து மாடியில் துணி எடுக்க வந்தாள் நெட்டினா. கறுப்புக் கோட்டு போட்ட ஆண்பிள்ளை முட்டி போட்டிருக்கிறார். பட்டுச் சட்டை போட்ட பொம்பளை கையில் வெள்ளைப் பூ. செருப்பு அவள் கண்ணில் படவில்லை. இடுப்பிலிருந்த துணிக்கூடையை அப்படியே வைத்துவிட்டு எதிர்மாடியைப் பார்த்துக் கத்தினாள்:

"கலோஜெரோ கேட்டுட்டாருடீ! பூவை அவ வாங்கிக்கிட்டா!"

செருப்பு வந்தது, அதன் குதி கல்லிடுக்கிலேயே நின்றுவிட்டது. அகத்தீனா ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். வேறு வழியில்லாமல் கலோஜெரோ கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லாரும் உலாவுகிற நேரத்தில், அந்தத் தெருவில் கைகோத்து நடப்பது சுவரொட்டி ஒட்டுவதற்குச் சமம்.

முதலில் வந்தவன் மீன்காரன் பிப்போ. "அண்ணே! ஒரு வார்த்தை சொல்லலையே! எத்தனை நாளா நடக்குது?"

"என்ன நடக்குது? செருப்பு பிஞ்சு போச்சுப்பா, அவ்வளவுதான்."

பிப்போ கடைப்பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? செருப்பு பிய்யற அளவுக்கு அந்தம்மா பின்னால அலைஞ்சிருக்காரு!" என்றான். கடையே கை தட்டியது.

அகத்தீனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ பிப்போ, வாயை மூடு! இந்தப் பூ அவங்கம்மாவுக்கு!"

அவர்கள் ஆர்க்கிமிடீஸ் சதுக்கத்தை எட்டும் முன்பே அந்த வாக்கியம் எட்டிவிட்டது. அங்கே நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "செத்துப்போன அம்மாகிட்ட முதல்ல ஆசீர்வாதம் வாங்கப் போறாராம். இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" ரொட்டிக்கடை அம்மாள் ஓடிவந்து வாதுமை மிட்டாய்ப் பொட்டலத்தை அகத்தீனாவின் கையில் திணித்துவிட்டு, அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"நீங்க ஏதாவது சொல்லுங்களேன்," என்று அகத்தீனா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

கலோஜெரோ யோசித்தார். சதுக்கத்து நீரூற்றின் படியில் ஏறி நின்றார். பஸ்ஸில் பின்பக்கம் நிற்பவர்களை உள்ளே போகச் சொல்கிற குரலில், "எல்லாரும் கேட்டுக்குங்க! எனக்கும் இந்த அம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!" என்றார்.

முடிதிருத்துகிற தூரி பெருமூச்சு விட்டான். "அதுக்குள்ள முதல் சண்டையும் வந்துடுச்சா! விட்டுக்கொடுத்துப் போங்கண்ணே, பொம்பளை மனசு."

இங்கே காபிக்கடையில் என் பாடு திண்டாட்டம். வக்கீல் ஃபிக்கேரா தன்னுடைய வாதுமை ஐஸைத் தின்று முடித்துவிட்டு, "உருகிவிடும்" என்று அகத்தீனாவுக்கு வாங்கி வைத்ததையும் தின்றுகொண்டிருந்தார். அப்போது பரிமாறுகிறவன் வந்து மெலீனாவிடம், "அம்மா, உங்க தங்கச்சிக்கும் பஸ் டிரைவருக்கும் நிச்சயம் ஆயிடுச்சாமே! வாழ்த்துகள்!" என்றான்.

வக்கீல் கரண்டியைக் கீழே வைத்தார். "எந்தத் தங்கச்சி?"

நான், "இவளுக்குத் தங்கச்சிங்க நிறைய," என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். மெலீனா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"என்னைக் கத்தானியாவிலேர்ந்து வரவழைச்சு இப்படி அவமானப்படுத்தறீங்களா?" என்று வக்கீல் எழுந்தார். போகும்போது ஐஸோடு வைத்திருந்ததில் மிச்சமிருந்த ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அவர் ஒரு மூலையில் மறைய, மறுமூலையில் அகத்தீனா வந்தாள். வெறுங்கால். ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் மிட்டாய். செருப்பு இரண்டும் கலோஜெரோவிடம். மெலீனா பிடித்துக்கொண்டாள்.

"அடி பாவி, அவரு போயிட்டாருடீ!"

"ஆளு எப்படி?" என்று அகத்தீனா என்னைக் கேட்டாள்.

"உன் பங்கு ஐஸையும் தின்னுட்டாரு," என்றேன்.

"அப்ப போகட்டும்."

பூசை மணி அடித்தது. பூ அவள் கையில் இருந்ததால் அவளும் உள்ளே போனாள். நாங்களும் போனோம். ஊரில் பாதியும் பின்னாலேயே வந்தது. பேராலயத்துக்குள் நிற்கிற பழைய கிரேக்கத் தூண்களுக்கு நடுவே ஒருநாளும் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பங்குச்சாமியார் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய், கலோஜெரோவின் அம்மா கார்மேலாவின் ஆன்மாவுக்காக மன்றாடினார். கடைசியில், "அவருடைய மகனுக்கு இந்த வயதிலாவது நல்ல புத்தி வந்ததே, அதற்காகவும் நன்றி சொல்வோம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அகத்தீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூங்கொத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பின்வரிசையில் நாலு பேர் அழுதார்கள்.

பூசை முடிந்ததும் சாமியார் வாசலிலேயே மடக்கினார். "மே மாசம் எனக்கு ஒழிவே இல்லை. செப்டம்பர்ல வைச்சுக்கலாமா?"

எல்லாரும் கலோஜெரோவைப் பார்த்தார்கள். அவர் செருப்பைப் பார்த்தார். "வெயிலும் தணிஞ்சிருக்கும், சாமி," என்றார்.

அகத்தீனா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சதுக்கத்துக்கு இறங்கியதும்தான், "வந்த வழியே வேண்டாம். அப்பல்லோ கோயில் போய்ச் சேர்றதுக்குள்ள நமக்குப் பேரன் பொறந்திருப்பான். கடல் பக்கமா போலாம்," என்றாள்.

அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வரும்படி மெலீனா என்னை அனுப்பினாள். கடலோரத்து அரெதூசா ஊற்றின் கைப்பிடிச் சுவரில் இரண்டு பேரும் உட்கார்ந்து கீழே வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கத்தான் போனேன். பேச்சு காதில் விழுந்தது, நின்றுவிட்டேன். ஊர்க்காரன்தானே நானும்.

"சாமிகிட்ட ஏன் இல்லைன்னு சொல்லலை?" என்று அவள் கேட்டாள்.

"எத்தனை தடவை சொல்றது? அலுத்துப் போச்சு."

"அவ்வளவுதானா?"

ஒரு வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தது.

"நாள் முழுக்க வண்டியில எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேப்பாங்க. அந்த நிறுத்தத்துல நிக்குமான்னு. வீட்டுக்குப் போனா அந்தக் கேள்வியும் கிடையாது. இன்னிக்கு ஊரே என்னை நிறுத்தி எப்படி இருக்கே, எப்போ பண்ணப் போறேன்னு கேட்டுச்சு." கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "நல்லாத்தான் இருந்துச்சு. சங்கடமாவும் இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு."

அவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் படிக்கட்டில் பார்த்த ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி.

"நான் ரொம்பக் கேள்வி கேப்பேன்," என்றாள். "காலையிலேயே ஆரம்பிச்சுடுவேன். காபி குடிக்கிறதுக்கு முன்னாடியே."

"கேளுங்க."

"கடலை எண்ணெய் பிடிக்குமா, ஆலிவ் எண்ணெயா? ஜன்னலைத் திறந்து வைச்சுத் தூங்குவீங்களா, மூடியா? அந்த வக்கீல் என் ஐஸையும் தின்னுட்டாராம், தெரியுமா?"

கலோஜெரோ ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஆலிவ் என்றார். திறந்துதான் என்றார். அவர் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நான் சத்தமில்லாமல் திரும்பினேன்.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. ஏற்பாடு தன்னுடையதுதான் என்று மெலீனா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.