முதல் கேள்வி

பல்கலைக்கழகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. நேர்முகத் தேர்வு அறையின் வாசலில் நின்று ஒருவரை அனுப்பி, அடுத்தவரை அழைப்பது பதினாறு வருடங்களாக அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் கதவக்கா.

அந்த வருடம் ஆராய்ச்சிப் படிப்புக்கு நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். முதல் நாள் மூன்றாவதாக உள்ளே போனவள் ஒரு பஸ் கண்டக்டரின் மகள். கதவைச் சாத்திவிட்டுக் கதவக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் வெளியே வந்து நின்றாள்.

“என்னம்மா, சர்டிபிகேட் எதாவது மறந்துட்டியா?”

“இல்லக்கா. முடிஞ்சிடுச்சு.”

அடுத்துப் போனவன் ஒரு டாக்டரின் மகன். அவன் வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று. நடுவில் சிரிப்புச் சத்தம் வேறு.

கெட்டிக்காரர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறார்களோ என்று முதலில் தோன்றியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பார்த்திருக்கலாம். அப்படியானால் டாக்டர் மகன் மக்காக இருக்க வேண்டும். பார்த்தால் அப்படியும் தெரியவில்லை. விஷயம் அவள் மண்டையைக் குடைந்தது. பழைய வருகைத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொருவரும் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்தாள். ஏற்கெனவே முடித்துவிட்ட நாலு பேரின் நேரத்தை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டாள். அவர்களிடமும், வெளியே வருகிறவர்களிடமும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உள்ள முதல்ல என்ன கேட்டாங்க?”

யாரும் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தாளைப் பார்த்தபோது கதவக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பது பேரிடம் முதல் கேள்வி, ‘உங்க ஆராய்ச்சி எதைப் பத்தி?’ அவர்களில் யாரும் கால்மணி நேரத்துக்குள் வெளியே வரவில்லை. மற்ற இருபத்திரண்டு பேரிடம் வேறு கேள்விகள். கண்டக்டர் மகளிடம், அப்பா என்ன பண்றார். பெண்கள் ஏழு பேரிடம், கல்யாணம் ஆனா படிப்பு என்னாகும். துறைமுகப் பக்கத்திலிருந்து வந்த கறுத்த இளைஞனிடம், நீ எந்த நாட்டுக்காரன். அவன் பிறந்தது இதே ஊர் ஆஸ்பத்திரியில். இந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட ஏழு நிமிடத்தைத் தாண்டவில்லை.

பல்கலைக்கழக வேன் ஓட்டுகிற அவள் கணவர் தாளை எட்டிப் பார்த்தார். “உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?”

“ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்.”

மறுநாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த புள்ளியியல் ஆசிரியையிடம் காட்டினாள். அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“இது தற்செயலா நடந்திருக்கலாம் இல்லையா?” என்றார்.

“அதை எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?”

சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் ஸ்டாஃப் ரூம் மேசையில் உட்கார்ந்தார்கள். நாற்பத்தொரு துண்டுச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒருவர் உள்ளே இருந்த நிமிடம். சீட்டுகளைக் குலுக்கி, கண்ணைமூடிக்கொண்டு பத்தொன்பதை ஒரு பக்கமும் மீதியை இன்னொரு பக்கமும் போடுவது, இரண்டு பக்கத்துச் சராசரிக்கும் வித்தியாசம் பார்ப்பது. தற்செயல் என்றால் குலுக்கலிலும் தாளில் உள்ள அளவு வித்தியாசம் எப்போதாவது வர வேண்டும். அறுபது தடவை குலுக்கினார்கள். வித்தியாசம் ஒருதடவைகூட எட்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. கதவக்காவின் தாளில் இருந்த வித்தியாசம் இருபது நிமிடம்.

“இன்னும் நாலு தடவை குலுக்கிப் பாக்கலாமா மேடம்?” என்றாள். சோற்று டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

தேர்வுக் குழுவின் தலைவராக இருந்த துறைத்தலைவரிடம் இருவருமாகவே போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “தகுதி கம்மியா இருந்தா சீக்கிரம் முடியும். இதுல என்ன இருக்கு?”

ஆசிரியை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவக்கா கேட்டுவிட்டாள். “சார், அந்தப் பொண்ணுகிட்ட அவங்க அப்பா வேலையைத்தான கேட்டீங்க. அதுல அவ தகுதி எப்படி சார் தெரிஞ்சுது?”

சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது அவருக்கும் புரிந்தது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, தாளில் வரிவரியாக விரலை ஓட்டினார்.

“பேச்சை ஆரம்பிக்கறதுக்குத்தாம்மா கேட்டேன்,” என்றார் கடைசியில். “அதோட முடிச்சிருக்கேன்னு எனக்கே தெரியல.”

இரண்டு வாரம் கழித்து அந்த இருபத்திரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஆராய்ச்சியைப் பற்றியே முதல் கேள்வி, எல்லோருக்கும் இருபது நிமிடம் என்று எழுத்தில் முடிவாயிற்று. குழுவிலிருந்த ஒரு மூத்த பேராசிரியர் ‘வாசல்ல நிக்கறவங்க எல்லாம் எங்களுக்குப் பாடம் எடுக்கணுமா’ என்று சொல்லிவிட்டு வரவேயில்லை. கூப்பிட்ட இருபத்திரண்டு பேரில் வந்தவர்கள் பதினேழு பேர். கண்டக்டர் மகள் வெளியே வந்தபோது கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

“போர்டுல போட்டுக் காட்டச் சொன்னாங்கக்கா. சாக்கடைத் தண்ணியில உப்பு எப்படிச் சேருதுன்னு. ஒரு சார் தப்புன்னாரு. நான் இல்லைன்னேன்.”

“அப்புறம்?”

“அவரும் எழுந்து வந்து போர்டுல எழுத ஆரம்பிச்சிட்டாரு.”

அவளையும் சேர்த்து ஆறு பேருக்கு இடம் கிடைத்தது.

துறைமுகப் பக்கத்து இளைஞன் வரவில்லை. விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்குக் கதவக்கா தானே போன் செய்தாள். அவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

“சேர்ந்து பத்து நாள்தாங்கக்கா ஆச்சு. லீவு கேட்டா வேலை போயிடும்.”

“நீ எதைப் பத்திப்பா ஆராய்ச்சி பண்றதா இருந்தே?”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது; இயந்திர இரைச்சல் அடங்கியது. பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு கடல் கடந்து வரும் சிப்பிகளைப் பற்றி. பாதி அவளுக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள்.