விழாத வாகைக்கான பில்

உப்புக்குடா பஸ் நிலையத்துக்கு முன்னால் நின்ற வாகை மரம் அடியோடு அறுக்கப்பட்ட பின்பும் விழவில்லை. அடிக்கட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருந்தது. அதன் வழியாக ஆடுகள் போய் வந்தன. வீதியை அகலமாக்குவதற்காக அந்த மரத்தை அகற்றும் வேலையை நகர சபை அஸ்ஜத் என்ற ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தது. அவர் முந்தல் என்ற ஊரில் இறால் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் தம் வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடுவைத்து, அந்தப் பணத்தில் பாரந்தூக்கி லொறியை வாடகைக்கு எடுத்து, கற்பிட்டிக் கரையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளையான நிக்கொலஸைச் சங்கிலிவாளோடு மரத்தடியில் நிறுத்தினார். வாள் மறுபக்கத்தால் வெளியே வந்த அதே கணத்தில் சபை ஊழியர் ஒருவர் சைக்கிளில் வந்து கடிதத்தை நீட்டினார். வேலையை உடனடியாக நிறுத்தவும். காரணம் பின்னர் அறிவிக்கப்படும். அஸ்ஜத் கையை உயர்த்தினார். நிக்கொலஸ் வாளை நிறுத்தினான். மரமும் நின்றது. அந்த ஊரில் சபையின் கடிதங்களுக்கு வியாபாரிகள் கட்டுப்பட்டதில்லை, வாகனங்கள் கட்டுப்பட்டதில்லை, கடிதங்களை எழுதியவர்களே கட்டுப்பட்டதில்லை. கட்டுப்பட்டது அந்த வாகை ஒன்றுதான்.

இடைநிறுத்தப்பட்ட வேலைக்கு, செய்த அளவுக்குப் பணம் கோரலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆகவே அறுத்த கூலி, பாரந்தூக்கியின் வாடகை, கடிதத்துக்குப் பின் ஆட்கள் சும்மா காத்திருந்த நாட்கள் ஆகியவற்றைச் சேர்த்து அஸ்ஜத் பில் கொடுத்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அனுஷ்கா வந்து, இடைவெளிக்குள் அளவு நாடாவை நீட்டிப் பார்த்து, அறுக்கும் வேலை முழுமையாக முடிந்தது என்று நேர்மையாக எழுதி ஒப்பமிட்டார். அடுத்த மாதம் அவருக்கு வேறு ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது. கணக்காளரோ பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வெட்டினது சரி. மரம் விழுந்திச்சா?”

“விழ விடாம நிப்பாட்டினது நீங்கதானே, சேர்.”

“நாங்க வேலையத்தான் நிப்பாட்டச் சொன்னோம். மரத்த நிப்பாட்டச் சொல்லல்லயே.”

நிலத்தில் கிடக்கும் மரத்தை அளந்து பணம் கொடுப்பதே சபையின் வழக்கம். மரம் விழ வேண்டுமானால் கடிதத்தை மீளப்பெற வேண்டும். கடிதத்தை மீளப்பெற வேண்டுமானால் அது ஏன் எழுதப்பட்டது என்று தெரிய வேண்டும். எழுதியவர் ஓய்வுபெற்று மகளோடு வெளிநாட்டில் இருந்தார். ஓர் ஏழையின் கூலியைத் தடுக்க ஒரு கையெழுத்துப் போதும். அதைக் கொடுக்க எத்தனை கையெழுத்துகள் கூடினாலும் போதாது.

கச்சான் எனும் தென்மேல் காற்று தொடங்கியதும் மரம் மெல்ல நகர ஆரம்பித்தது. நிலையத்தின் கூரையை உரசி, மின்கம்பிகளின் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தபோது, நிக்கொலஸ் யாரிடமும் கேட்காமல் தன் மாமாவின் வள்ளத்து நங்கூரத்தைக் கயிற்றோடு கொண்டுவந்து, மரத்தின் அடியில் கட்டி மண்ணில் இறக்கிவிட்டான்.

“மிதக்கிற சாமான கட்டாம விட்டுட்டு வந்தா எங்கட கரையில நாய் கூட மதிக்காது, நானா,” என்றான் அஸ்ஜத்திடம்.

அவனுடைய கரையில் அது நியாயம். அலையில் தனியே மிதந்து வரும் வள்ளத்தை எவன் கட்டிவைக்கிறானோ, சொந்தக்காரன் வரும்வரை அது அவன் பொறுப்பு. இந்த வழக்கம் நகர சபைக்கு எப்படித் தெரிந்தது என்பது தெரியவில்லை, ஆனால் தெரிந்திருந்தது. மரத்தைக் கட்டியவர் ஒப்பந்தக்காரர், ஆகவே மரம் அவருடைய கைவசம் உள்ளது, ஆகவே பொது வீதியில் தம் பொருளை நிறுத்திவைத்ததற்காக அவர் மாத வாடகை செலுத்த வேண்டும் என்று சபை அவருக்கே பில் அனுப்பியது. அவருடைய பில் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், சபையின் பில் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்தது.

இரண்டு கச்சான் பருவங்கள் கடந்தன. வாகை பூத்தது, காய்த்தது. பஸ்கள் அதன் நிழலில் நின்று போயின. அஸ்ஜத்துக்கு வேறு வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை, ஏனெனில் முடிக்காத வேலை ஒன்று அவர் பெயரில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் நிக்கொலஸ் வந்தான். கூலி கேட்க வரவில்லை என்றான். மாமா கடலுக்குப் போக வேண்டுமாம், நங்கூரத்தை மட்டும் தந்தால் போதும் என்றான். அஸ்ஜத் மனைவி நிஸ்மியாவின் காதுத் தோட்டை விற்று அவனுக்குப் புதிய நங்கூரம் வாங்கிக் கொடுத்தார். கூலியைக் கேட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். அவன் கேட்காமல் போனதுதான் அவரைத் தின்றது.

கடன் கொடுத்த முந்தல்காரர் வீட்டைத் தம் பெயருக்கு எழுதி எடுத்துக்கொண்டார். சாமான்களை லொறியில் ஏற்றிய பிறகு அஸ்ஜத் கடைசியாக வெளியே வந்தார். செருப்புகள் இரண்டும் வாசற்படியில் இருந்தன. அவர் அவற்றுக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் இருந்தார்.

“எறங்குங்களேன், லொறிக்காரர் பாத்துட்டு நிக்கிறாரு.”

“ஏலாம இரிக்கி, நிஸ்மியா.”

நிஸ்மியா துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து அவருடைய உடம்பில் கட்டினாள். மதுரங்குளியில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைக்கு அவர்கள் அப்படியே போய்ச் சேர்ந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிறை பார்க்கும் இயந்திரத்தின் முள் அசையவில்லை. பசிக்கு ஒரு மருந்தும் நித்திரைக்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அறையின் கூரை ஓடுகள் அவருடைய முதுகைத் தொட்டன. அவர் உண்பதற்காக நிஸ்மியா கயிற்றை இழுத்தாள், உறங்குவதற்காகக் கட்டிலின் காலில் முடிச்சுப் போட்டாள். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், சுஜூதில் எல்லோருடைய நெற்றியும் பாயைத் தொட்டபோது அவருடைய நெற்றி தொடவில்லை. கைகளால் தரையைத் துழாவினார், தரை எட்டவில்லை. தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய தோளைப் பிடித்து அழுத்தி வெளியே கொண்டுவந்தார்கள். அவர் அழுதார். கண்ணீர் மட்டும் எல்லோருடைய கண்ணீரையும் போலக் கீழே விழுந்தது.

அதன் பிறகு பில்லை நிஸ்மியா கையில் எடுத்தாள். பொதுமக்கள் தினமாகிய புதன்கிழமைகளில் கணவரைக் கயிற்றில் பிடித்தபடி பஸ் ஏறினாள். கொண்டக்டர்கள் அவருக்கு நின்று வரும் பயணிக்குரிய கட்டணத்தையே எடுத்தார்கள். கணக்காளரின் மேசைக்கு முன்னால் அவள் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொன்னாள்.

“சேர், வேலைக்கு உள்ள காச தாங்க. மனிசன கீழ எறக்கணும்.”

கணக்காளர் மேலே பார்க்காமல் கோப்பைப் பார்த்தார். அவருடைய சிரமம் வேறு. அஸ்ஜத்தின் தலை மின்விசிறியில் பட்டுவிடும் என்பதால் புதன்கிழமைகளில் விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. ஊழியர்கள் வியர்வையில் நனைந்து முறைப்பாடு எழுதினார்கள். அந்த முறைப்பாட்டுக்குக் காரணம் தேடப்படவில்லை, கையெழுத்துகள் குறையவில்லை. சபை கூடியது, விசாரணை மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஆட்களைக் கட்டிவைப்பதற்கு இரும்புக் கொளுக்கிகள் பொருத்துவதென எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. மதுரங்குளியில் இரும்பு ஒட்டும் கடை வைத்திருந்த இனாஸ் என்ற இளைஞன் அந்த வேலையை எடுத்து, ஒரே நாளில் உறுதியாகச் செய்து முடித்து, பில்லைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது அங்கே விசிறி எல்லா நாளும் சுற்றுகிறது. சென்ற மழைக்காலத்துக்குப் பிந்திய ஒரு புதன்கிழமை, றிப்னா என்ற இளம் பெண் ஒரு கையில் கொளுக்கிகளுக்கான பில்லோடும் மறு கையில் சுற்றிய கயிற்றோடும் வாசலில் தயங்கி நின்றாள். கயிற்றின் மேல் நுனியில் அவளுடைய கணவன் இனாஸ் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். நிஸ்மியா எழுந்து போய் அவனை இழுத்து இறக்கி, முடிச்சை அவிழ்த்து வேறு விதமாகக் கட்டினாள்.

“இடுப்பில கட்டினா தல கீழாத் தொங்குவாரு, தங்கச்சி. கக்கத்துக்குக் கீழால எடுங்க. கஞ்சி குடிக்கவும் லேசு.”

பிறகு அவனை இரண்டாவது கொளுக்கியில் மாட்டிவிட்டு, றிப்னாவுக்கு வாங்கில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். காவலாளி இருவருக்கும் இலக்கம் கொடுத்தார்.