நான்காவது தழும்பு

என் மனைவியின் வலது கெண்டைக்காலில் மூன்று தழும்புகள் இருக்கின்றன. மூன்றும் என் மோட்டார் சைக்கிள் வைத்த சூடு. வண்டிக்கு வயது பதினெட்டு. பின்னால் உட்காருபவரின் கால் சைலன்சரில் படாமலிருக்க மேலே ஒரு தகடு போட்டிருப்பார்கள். அது துருப்பிடித்துச் சல்லடையாகி, பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது தழும்பு விழுந்த அன்று, வாசலில் நின்று காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள சரியாகலன்னா நான் அண்ணன் கார்ல போயிக்கிறேன். இத பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையைத் தாண்டித்தான் அவன் ஆபீஸ். காரில் ஏசி உண்டு, மெத்தை உண்டு, துரதிர்ஷ்டவசமாக மச்சானும் உண்டு.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எதைக் கேட்டாலும் யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். வீட்டுப் பேச்சில் முக்கால்வாசி அவளுடையது, மீதி குக்கருடையது. ஆனால் காலையில் வண்டியில் போகும் அந்த இருபது நிமிடம் வேறு. இன்ஜின் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் அவள் என் முதுகில் ஒரு பாஷையையே உண்டாக்கியிருந்தாள். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. கிள்ளினால், குறுக்கே வந்தவனை அவள் சார்பில் நான் திட்ட வேண்டும். திட்டுவேன். வேறெங்கும் எனக்கு அந்த வார்த்தைகள் வாயில் வருவதில்லை. அவள் ஒரு வாரம் காரில் போய்விட்டால் அந்த இருபது நிமிடம் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து இன்ஜினுக்கு நோய் பார்ப்பார். அதனால் அவருக்கு டாக்டர் என்று பெயர்.

"இந்த மாடலுக்குச் சைலன்சர் கார்டா? கம்பெனிக்காரன்கிட்ட கேட்டா தேம்பித் தேம்பி அழுவான் சார்."

நான் பேசாமல் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். என் மௌனத்தைச் சிலரால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது. டாக்டர் பழைய சாமான் டிரம்மில் இடுப்புவரை இறங்கி, வேறொரு வண்டியின் கார்டோடு எழுந்தார்.

"ஓட்டை கொஞ்சம் தள்ளி இருக்கும். நான் மாட்டித் தரட்டுமா?"

"நானே மாட்டிக்கிறேன்."

"சரி, மாட்டிட்டு வாங்க. நான் கழட்டித் தர்றேன்."

ஞாயிறு காலை போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். மூன்று மரியாதையாக வந்தன. நான்காவதை ரம்பத்தால் அறுத்தேன். பழைய தகடு உட்கார்ந்திருந்த இடங்களில் பழுப்பாய் நான்கு வளையங்கள், தொட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. அழுக்கு என்று சுரண்டி எறிந்துவிட்டு, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். புதுக் கார்டின் ஓட்டைகளை அரத்தால் ராவி அகலமாக்கி, அது சைலன்சர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் அளவுக்கு முறுக்கினேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது.

அரைக்கால் சட்டையில் மச்சான் வந்து சேர்ந்தான்.

"என்ன மாப்ள, இன்னும் உயிர் இருக்கா? மலர்வளையம் வாங்கிட்டு வரவா?"

பதில் யோசித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். மனைவி படிக்கட்டில் கைகட்டி நின்றாள்.

"உக்காந்து பாரும்மா" என்றேன்.

"நீ இரு. உன் கால்ல படறதுக்கு முன்னாடி நான் பாக்குறேன்" என்று மச்சான் பின்னால் ஏறினான். ஏறியவன் சும்மா இருந்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, வெற்றுக் கெண்டைக்காலைப் புதுத் தகட்டின் மேல் அழுத்தினான்.

ஒரு கணம் உலகமே அமைதியாக இருந்தது. எனக்குப் பிடித்தமான அமைதி. பிறகு மச்சான் தன் அம்மாவைக் கூப்பிட்டான். மூன்று வீடு தள்ளி ஒரு ஜன்னல் திறந்தது. ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய் வாளிக்குள் காலை விட்டான்.

மனைவி படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் எழுந்து வந்து தகட்டின் ஓரத்தில் குனிந்து பார்த்தாள். இருநூறு பேருக்குச் சமைக்கும் அண்டாக்களோடு பழகியவள்.

"இரும்போட இரும்ப முட்ட வச்சா சுடாம என்ன பண்ணும்? அண்டா கைப்பிடிக்கே சூடு ஏறாம இருக்க நடுவுல ஒண்ணு வைப்பாங்க. இங்கயும் ஏதாவது இருந்திருக்குமே?"

"வளையம் மாதிரி இருந்துச்சு. அழுக்குன்னு சுரண்டிட்டேன்."

"கல்யாணமாகி பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் எதையோ சுத்தம் பண்ணிருக்கீங்க. அதுவும் இதயா?"

"வித்துத் தொலைடா மாப்ள!" என்றது வாளிப் பக்கம்.

"நீ கால ஊறவை அண்ணா."

டாக்டர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலேயே சூடு தாங்கும் வாஷர் நான்கை எடுத்து நீட்டினார். மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் தெருமுனை திரும்பியதும் சிரித்தது கேட்டது.

சாயங்காலம், குழாயைத் தொடாமல் ஒரு விரல் தள்ளித் தகட்டைப் பொருத்தினேன். ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தவள், "ம்" என்றாள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

திங்கள் காலை மச்சானின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. அவன் காலில் கட்டு. அவள் காரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தாள்.

முதல் தெருவில் காலை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். எந்த நிமிடமும் இரண்டு தட்டு விழும் என்று முதுகு காத்திருந்தது. இரண்டாவது தெருவில் முழங்கால் உள்ளே வந்தது. மூன்றாவதில், கண்ணாடியில் பார்த்தேன், கால் தகட்டில் சாய்ந்திருந்தது. தட்டு விழவில்லை. நான் மூச்சுவிட்டேன்.

சிக்னலுக்கு முன்னால் ஒரு கார் சர்ரென்று குறுக்கே வெட்டிப் போனது. மச்சான்தான்.

முதுகில் கிள்ளு விழுந்தது.

என் மனைவியின் கூடப்பிறந்தவன், வயதில் எனக்கு மூத்தவன் என்றெல்லாம் ஒரு நொடி யோசித்தேன். பிறகு, எந்த லாரிக்காரனுக்கும் இதுவரை தராத வசவு ஒன்றை எடுத்துச் சத்தமாக வைத்தேன்.

மறுபடியும் கிள்ளினாள். போதவில்லை போலிருக்கிறது.