ஐஸ்பெட்டி மேல் பேசிய திருநாவுக்கரசு

"நீங்க கல்யாணமே பண்ணிக்கலியாம். அந்தப் பொண்ணு கேக்குது, நீங்க சிரிச்சிக்கிட்டே சொல்றீங்க. அப்ப இருபத்தாறு வருஷமா இந்த வீட்டுல சட்டி கழுவுறது யாரு?"

"அது நான் இல்ல புஷ்பம். எத்தன தடவ சொல்றதுலா? நான் இங்க உன் முன்னாடிதான நிக்கிறேன்."

இருவரும் சொன்னது உண்மைதான். திருநாவுக்கரசு பாதி முகத்தில் சவர நுரையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதே நேரத்தில் ஐஸ்பெட்டியின் மேலிருந்த வானொலியில் அவருடைய குரல், வாக்கியத்துக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம் உட்பட, தன்னுடைய நான்காவது நாவலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. அன்று சனிக்கிழமை, காலை பத்தேகால். டத்தோ கிராமாட்டில் எங்கள் லோரோங்கில், அந்தக் குறுக்குத் தெருவில், வீடுகள் இரண்டுக்கு ஒரு சுவர் என்று கட்டப்பட்டவை. நாங்கள் ஒட்டுக்கேட்டோம் என்று சொல்வது நியாயமாகாது, சுவர்தான் பலவீனமானது.

அந்த நிகழ்ச்சியை எங்கள் லோரோங்கில் எல்லாருமே கேட்பதுண்டு. சனிக்கிழமை பத்து மணிக்கு ஜெகதீஸ்வரி என்ற அறிவிப்பாளர், படம் எடுக்கிறவர்கள், கதை எழுதுகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள் என்று வாரம் ஒருவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவார். அன்று மற்ற வீடுகளில் ஈப்போவிலிருந்து வந்த குறும்பட இயக்குநர் ஒருவர், மழைக்காட்சி எடுக்கத் தண்ணீர் லாரி கிடைக்காமல் போன துயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளியின் ஐஸ்பெட்டி மேல் மட்டும் விருந்தினர் திருநாவுக்கரசு. அடுத்த வாரமும் அவரே, அதற்கடுத்த வாரமும் அவரே. அந்தத் திருநாவுக்கரசு ஏழு நாவல் எழுதியவர். நிபோங் திபாலில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியறையில் தனியாக இருப்பவர். சமையல் தானே செய்துகொள்பவர். எங்கள் திருநாவுக்கரசு மாக் மண்டினில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வாளிகளை அடுக்கும் பகுதிக்கு மேற்பார்வையாளர். லீவு பாரத்தைக்கூட மனைவியிடம் கொடுத்து எழுதச் சொல்பவர்.

பக்கத்து வீட்டு செபாஸ்டியன், ஓய்வு பெற்ற குமாஸ்தா, எதையும் விசாரித்துக் கோப்பில் போடாமல் தூங்கமாட்டார். அவர் அந்த வானொலியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துப் பார்த்தார். அங்கே எல்லாருக்கும் வருகிற விருந்தினரே வந்தார். திரும்பக் கொண்டுவந்து ஐஸ்பெட்டியின் மேல் வைத்ததும் திருநாவுக்கரசு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிளக்கைப் பிடுங்கினார்கள். அப்போதும் பேசினார், கொஞ்சம் மெதுவாக, கரண்டை மிச்சப்படுத்துகிறவர் போல. கோலாலம்பூருக்குப் போன் போட்டபோது நிஜ ஜெகதீஸ்வரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படி ஒரு எழுத்தாளர் தன் நிகழ்ச்சிக்கு வந்ததே இல்லை என்று சொன்னார். தொடர்ந்து ஆதரவு தருவதற்கு நன்றி என்று இரண்டு கோப்பைகளும் அனுப்பிவைத்தார். ஒன்று செபாஸ்டியன் வீட்டில் இருக்கிறது.

மூன்றாவது மாதத்தில் விஷயம் பழகிவிட்டது. செபாஸ்டியன் மனைவி ரோசம்மா சனிக்கிழமைதோறும் கறிவேப்பிலை கேட்டு உள்ளே போவதும், பதினொரு மணிக்குக் கறிவேப்பிலை இல்லாமல் வெளியே வருவதுமாக இருந்தார். அப்புறம் அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் அந்தச் சமையலறைக்கே என்று ஆகிவிட்டன. வாசகர் வட்டச் செயலாளர் சிவநேசன் ஒரு படி மேலே போனார். லோரோங்கிலிருந்து ஒரு நாவலாசிரியர் வானொலியில் இவ்வளவு பேசும்போது வட்டம் சும்மா இருப்பது அழகில்லை என்று முடிவு கட்டி, வானொலிக்காரர் வரமுடியாது என்பதால், கைக்கெட்டிய திருநாவுக்கரசுக்கே பொன்னாடை போர்த்தினார். ஏற்புரை ஆற்றச் சொன்னார்கள். "நன்றி. சாப்பாடு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரிய படைப்பாளிகள் இப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள் என்று கூட்டம் கைதட்டியது. பொன்னாடை ரொம்ப நாள் மழையில் அவருடைய மோட்டார் சைக்கிளின் மேல் கிடந்தது. ஜரிகை தண்ணீரைத் தாங்கவில்லை.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. கல்யாணச் சண்டையும் ஆறிப்போய், புஷ்பவள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டே பேட்டியைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் ஒரு சனிக்கிழமை ஜெகதீஸ்வரி, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று மறுபடியும் கேட்டார். எழுத்தாளர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நிபோங் திபால் பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தார். பெட்டி இல்லாமல் ஒரு மேசை விசிறியை, நீல விசிறி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எதிர்க்காற்றுக்கு அதன் இறக்கை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்முடி பறந்தது. வயர் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது. "ஓடிப்போய் வாங்கித் தூக்கியிருக்கலாம். நான் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துட்டேன். ரெண்டு பக்கம் எழுதி நிமிர்ந்தா, பஸ் போயிருச்சு. ஏழு நாவலும் அந்த ரெண்டு பக்கத்தைத் திருத்தித் திருத்தி எழுதினதுதான்."

சமையலறையில் பதினைந்து பேரும் புஷ்பவள்ளியைப் பார்த்தோம். அவர் பிறந்து வளர்ந்தது நிபோங் திபால். அந்த விசிறியை எங்களுக்கும் தெரியும். படுக்கையறையில் இன்னும் இருக்கிறது.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் இப்படிப் போயிற்று.

"இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் அந்த ஃபேனப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்களா?"

"என்னத்தச் சொல்ல? நான்தான தூக்கிட்டு வந்தேன்."

"முடி பறந்துச்சாம். உங்க கண்ணுல அது பட்டுச்சா?"

"ஃபேன் கனம் புஷ்பம். நான் கீழ பாத்து நடந்தேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் ஆண்கள் அது சரியான பதில் என்றார்கள். ரோசம்மா செபாஸ்டியனோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து புஷ்பவள்ளி காலையிலேயே குளித்து, பூ வைத்து, வெங்காயத்தைத் தொடாமல் ஐஸ்பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். திருநாவுக்கரசு சனிக்கிழமைகளில் ஓவர்டைம் கேட்டு வாங்க ஆரம்பித்தார். வேறொருவன் என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். தன் குரலோடு யார் சண்டைக்குப் போவது? ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தச் சாம்பாரு..." என்று தொடங்கி, அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார். புஷ்பவள்ளி உப்பு குறைவு என்று நினைத்து உப்பை எடுத்து வைத்தார்.

பிறகு ஒரு வாரம் எழுத்தாளர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: அடுத்த சனிக்கிழமை நேயர்களோடு தொலைபேசியில் பேசப்போகிறேன், அந்தப் பெண் எங்கிருந்தாலும் அழைக்கட்டும், வருகிறேன் என்று சொன்னால், மாடியறையில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது. அந்த வாரம் புஷ்பவள்ளி அலமாரி மேலிருந்த நீலப் பயணப் பெட்டியைக் கீழே இறக்கினார். தூசி தட்ட என்றார். ஒரு பெட்டியின் உட்புறத்தை ஆறு நாள் தூசி தட்டுகிறவர்கள் உலகத்தில் இல்லை என்று ரோசம்மா வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அந்தக் குழுவில் திருநாவுக்கரசும் இருந்தார். படித்துவிட்டதற்கான அடையாளம் விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் ஓவர்டைமுக்குப் போகவில்லை. வெளுத்த சட்டை போட்டு, ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலிகள் போதாமல் சிலர் கதவோரம் நின்றார்கள். பத்து இருபதுக்கு ஜெகதீஸ்வரி எண்ணைச் சொன்னார். எங்களில் நாலைந்து பேர் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தோம். அப்படி ஒரு எண்ணே கிடையாது என்றுதான் வந்தது. புஷ்பவள்ளி அழுத்தியதும் மணி அடித்தது.

"வணக்கம், யார் பேசறீங்க?" என்று போனில் ஒரு தடவையும், அரை நொடி தள்ளி ஐஸ்பெட்டி மேல் ஒரு தடவையும் கேட்டது. "உங்க வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிக்கங்கம்மா, எதிரொலிக்குது."

எந்த நேயருக்கும் எந்த வாரமும் சொல்லப்படுவதுதான். புஷ்பவள்ளி குள்ளம், முக்காலி போட்டால்தான் அந்தத் திருகு எட்டும். அவர் கணவரைப் பார்த்தார். திருநாவுக்கரசு கையை நீட்டி, கொஞ்சம் அல்ல, கடைசிவரை, டக்கென்று ஒரு சத்தம் வரும்வரை திருகினார்.

"அண்ணே, கொறைக்கத்தான சொன்னாங்க" என்றார் செபாஸ்டியன்.

"கொறைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், ஓடுகிற தண்ணீர்ச் சத்தத்தில் நின்றுகொண்டார். ஒன்றரை வருடம் ஒரு வார்த்தை விடாமல் கேட்ட எங்களுக்கு, அன்று பாதிப் பேச்சுதான் கிடைத்தது. அதை உள்ளபடி தருகிறோம்.

"ஆமா, நான்தான்... நல்லா இருக்கேன்... நீலம் இல்லங்க. பச்சை. ஏழு புக்குலயும் நீலம்னா எழுதிட்டீங்க?... இன்னும் ஓடுது. மூணாம் நம்பர் மட்டும் வேல செய்யாது... அவருதான் தூக்கிட்டு வந்தாரு. பஸ் ஏறி, எறங்கி, வீட்டு வாசல் வரைக்கும்... இல்ல, ஒண்ணும் பேசல. வயரச் சுருட்டி என் கையில குடுத்தாரு, அவ்ளோதான்..."

பிறகு வெகுநேரம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் என்ன சொல்லப்பட்டதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் எங்களுக்குத் தெரியும். ரோசம்மா தன்னையறியாமல் நாற்காலியோடு இரண்டடி முன்னால் நகர்ந்தார்.

"அழகாத்தான் சொல்றீங்க. நாள் பூரா கேக்கலாம்... இல்லங்க, நான் வரல. நீங்க என்னப் பாத்தீங்க. அவரு ஃபேனப் பாத்தாரு. எனக்கு அன்னிக்குக் கை வலிச்சிச்சு... கோவிச்சிக்காதீங்க. ஒண்ணு சொல்லவா? எதுத்தாப்புல ஒக்காந்து கேள்வி கேக்குதே ஒரு பொண்ணு, ஒன்றர வருஷமா அலுக்காம உங்க பேச்சக் கேக்குது. இந்தத் தடவ நோட்ட எடுக்காதீங்க. வச்சிர்றேன்."

போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். "மீன் முடிஞ்சிரும், பாசாருக்கு வண்டிய எடுங்க" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. திருநாவுக்கரசு மோட்டார் சைக்கிளை மூன்று தடவை உதைத்தும் கிளப்ப முடியவில்லை. சாவி போடவில்லை. திரும்பி வந்தபோது கூடையில் இரண்டு வேளைக்கு மேல் மீன் இருந்தது. அன்று மாலை நீலப் பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது.

ஐஸ்பெட்டி மேலான பேட்டிகள் அதற்குப் பிறகு சோபிக்கவில்லை. கேள்விகளுக்கு நடுவே இடைவெளிகள் அதிகமாயின. சில நேரம் இருவரும் காரணமில்லாமல் சிரித்தார்கள். தை மாதத்தில் எழுத்தாளரும் ஜெகதீஸ்வரியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மேளச் சத்தம் வானொலியில் தெளிவாகக் கேட்டது. புஷ்பவள்ளி பாயசம் வைத்தார்; வானொலியைக் கீழே இறக்காமல் முக்காலி மேல் ஏறி அதற்கு ஒரு பொட்டு வைத்தார். கல்யாணத்துக்கு அடுத்த வாரம், எல்லா விருந்தினரிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வியை ஜெகதீஸ்வரி கேட்டார்: அடுத்த படைப்பு என்ன? "ஒண்ணும் இல்ல" என்றார் எழுத்தாளர். "இப்ப எதுவும் பஸ் ஏறிப் போகலயே." அதற்கடுத்த சனிக்கிழமை அந்த வானொலியிலும் ஊருக்கெல்லாம் வந்த விருந்தினரே வந்தார், ஏதோ ஒளிப்பதிவாளர். நாங்கள் அரை மணி நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வந்தோம்.

ரோசம்மாவின் மகள் வனேசாவுக்கு அந்த வருடம் ஜொகூர் மாப்பிள்ளை அமைந்து அவள் அங்கே போய்விட்டாள். சிவநேசன் மகனோடு சுங்கை பட்டாணிக்கு மாறினார். பொன்னாடைப் பட்டியலில் அவர் எழுதிய பெயரை இன்றுவரை யாரும் அடிக்கவில்லை. புதுத் தம்பதி நிபோங் திபால் மாடியறையைக் காலி செய்து பட்டர்வொர்த்துக்குக் குடி வந்தார்கள். எழுத்தாளர் மாக் மண்டின் வாளித் தொழிற்சாலையில் மாலை ஷிப்டுக்குச் சேர்ந்துவிட்டார். ஆபீசில் குழப்பம் வேண்டாம் என்று வேலைப் பட்டியலில் திருநாவுக்கரசு 1, திருநாவுக்கரசு 2 என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் வேறு வாசலில் உள்ளே போகிறார்; நேரில் சந்தித்தது கிடையாது.

ஆள் எப்படி என்று செபாஸ்டியன் ஒரு நாள் கேட்டார்.

"அடுக்கிட்டுப் போற வாளியப் பாத்தாத் தெரியுதுலா" என்றார் எங்கள் திருநாவுக்கரசு. "நல்ல ஆளு. என்னா, வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டாராம்."